ஹட்டன்ல ஒளிஞ்சிருக்கிற ஏசி பழுது அவிசாவளையில தான் வெளிய வரும்

நம்ம மலைநாட்டுப் பக்கம் காருக்கு ஏசி எதுக்குனு கேக்குறவங்க இன்னும் இருக்காங்க. நுவரெலியாவுல வருஷம் முழுக்க சராசரியா 16 டிகிரி தான், கண்ணாடிய கொஞ்சம் எறக்கி விட்டா காது வெறச்சு போயிரும், இதுல ஏசி வேறயானு. நானும் அப்படித்தான் இருந்தேன். வாடகைக்கு கார் ஹயர் ஓட ஆரம்பிச்ச புதுசுல மாசக்கணக்குல ஏசி பட்டன தொட்டதே இல்ல. அப்புறம் ஒரு நாள் கட்டுநாயக்க ஏர்போர்ட்டுக்கு ஒரு குடும்பத்த ஏத்திக்கிட்டு எறங்குறேன், வட்டவளை, கினிகத்தேனை வரைக்கும் ஒன்னும் தெரியல, கித்துல்கலயில லேசா கழுத்து வேர்த்துச்சு, அவிசாவளை டவுன்ல டிரபிக்ல மாட்டி நின்னப்ப பின் சீட்டுல இருந்த அம்மா முந்தானையால விசிறிக்கிட்டே "தம்பி ஏசி போட்டுத்தானே இருக்கு?"னு கேட்டாங்க. போட்டுத்தான் இருந்துச்சு. காத்து வந்துச்சு, குளிர் வரல.

பழுது அன்னைக்கு வந்தது இல்ல, எத்தனையோ மாசமா இருந்திருக்கு. மேல குளுருல அது நமக்கு தெரியல, அவ்வளவு தான். அதனால மலையில கார் வெச்சிருக்கிறவங்க ஏசி எப்படி வேல செய்யுதுனு கொஞ்சமாவது தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லது, இல்லாட்டி பழுது எங்கயோ இருக்கும் நாம காசு எங்கயோ குடுத்துக்கிட்டு இருப்போம். நான் மூணு தடவ குடுத்தேன், அத பின்னால சொல்றேன்.

மழையில நனஞ்சுட்டு மலையில இருந்து எறங்கி வர்றவங்க காத்துல நின்னா நடுங்குவாங்க இல்லயா. துணியில இருக்குற தண்ணி ஆவியா போறப்ப ஒடம்புல இருக்குற சூட்டையும் சேத்து எடுத்துக்கிட்டு போகுது. ஏசியும் இதே வேல தான், தண்ணிக்கு பதிலா கேஸ். இப்ப ஓடுற கார்கள்ல பெரும்பாலும் ஆர் 134ஏ, ரொம்ப புது மாடல்கள்ல ஆர் 1234வைஎஃப், 90கள்ல மாறுறதுக்கு முந்தி வந்த பழைய சன்னி, கொரோலாவுல எல்லாம் ஆர் 12 இருந்துச்சு. இந்த 134ஏ சாதாரண காத்தழுத்தத்துல மைனஸ் 26 டிகிரியிலயே கொதிச்சு ஆவியாயிரும். அழுத்தம் கூடினா கொதிக்கிற சூடும் கூடும். இந்த ரெண்டு விஷயத்த வெச்சுத்தான் மொத்த ஏசியும் ஓடுது.

இஞ்சின் பக்கத்துல பெல்ட்ல சுத்துறது கொம்ப்ரஸர். அது ஆவியா வர்ற கேஸ இழுத்து இறுக்கி அமுக்குது, சைக்கிளுக்கு காத்தடிக்கிறப்ப பம்ப் அடி சுடுமே அதே மாதிரி இதுவும் நல்லா சூடாயிரும். அந்த சூட்டு கேஸ் முன்னால ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்குற கண்டென்ஸருக்கு போயி, வெளிக்காத்து பட்டு சூட்ட விட்டுட்டு தண்ணி மாதிரி திரவமா மாறும். அடுத்தது டிரையர், அதுல இருக்குற மணி மணியான சாமான் ஈரத்த உறிஞ்சி வெச்சுக்கும். அப்புறம் எக்ஸ்பான்ஷன் வால்வ், ஊசி முனை மாதிரி ஒரு ஓட்ட, அதுக்குள்ளால போறப்ப அழுத்தம் சடார்னு கொறைஞ்சு, டேஷ்போர்டுக்குள்ள இருக்குற கூலிங் கொயில்ல கேஸ் கொதிச்சு ஆவியாகுது. ஆவியாக சூடு வேணும், அத ப்ளோவர் ஊதுற காத்துல இருந்து எடுத்துக்குது, நமக்கு குளிர் காத்து வருது. ஆவியான கேஸ் திரும்பவும் கொம்ப்ரஸருக்கு. சுத்திக்கிட்டே இருக்கும், எங்கயும் எரியிறதும் இல்ல செலவாகுறதும் இல்ல, எல்லா பக்கமும் மூடுன சுத்து.

கூலிங் கொயில் குளுருறதால காத்துல இருக்குற ஈரம் அதுல பனித்துளி மாதிரி புடிச்சு, சொட்டு சொட்டா கீழ வடிஞ்சு ஒரு குழாய் வழியா ரோட்டுல விழும். ஏசி போட்ட கார் நிக்கிற எடத்துல தண்ணி கெடக்குறது அதனால தான், ரேடியேட்டர் ஓட்டைனு பயப்பட வேண்டாம், கைய வெச்சு பாருங்க சுத்தமான பச்சத்தண்ணியா இருந்தா ஏசி தண்ணி தான். நம்ம ஊருக்கு இந்த வேல தான் முக்கியம். கொழும்புக்காரனுக்கு ஏசி குளிருக்கு, நமக்கு அது காத்த காய வைக்கிற மெசின்.

விடிய 4 மணிக்கு கிளினிக்குக்கு ஆள ஏத்திக்கிட்டு கண்டிக்கு எறங்கி பாருங்க. வெளிய மிஸ்ட், உள்ள 5 பேர் மூச்சு, நனஞ்ச குடை, நனஞ்ச செருப்பு, ஒருத்தர் மடியில சுடுதண்ணி போத்தல். 10 நிமிஷத்துல முன் கண்ணாடி பால் மாதிரி ஆயிரும், டிரைவர் ஒரு கையில ஸ்டியரிங் ஒரு கையில பழந்துணினு தொடச்சுக்கிட்டே போவாரு, தொடச்ச கை எடுக்குறதுக்குள்ள திரும்ப மூடும். துணி வேணாம். ஏசிய போடுங்க, கூடவே டெம்பரேச்சர் நொப்ப சூட்டுப் பக்கம் திருப்புங்க, காத்த முன் கண்ணாடிக்கு விடுங்க, காத்து உள்ளயே சுத்துற பட்டன ஓஃப் பண்ணி வெளிக்காத்த எடுங்க. ஏசி காத்த காய வைக்கும், ஹீட்டர் அந்த காஞ்ச காத்த சூடாக்கும், சூடான காஞ்ச காத்து கண்ணாடியில இருக்குற ஈரத்த எடுத்துரும். ரெண்டையும் ஒன்னா போட்டா பழுதாயிரும்னு சொல்றவங்கள கண்டுக்காதீங்க, கார அப்படித்தான் செஞ்சிருக்காங்க, நெறைய கார்கள்ல முன் கண்ணாடி பட்டன அமுத்துனாலே ஏசி தானா சேந்து வேல செய்யும்.

ஒன்னு மட்டும் பாத்துக்குங்க, மிஸ்ட் புடிச்சது உள் பக்கமா வெளிப் பக்கமானு. வெரலால உள்ள ஒரு கோடு போடுங்க, கோடு விழுந்தா உள்ள. விழலைனா வெளிய, அதாவது நீங்க கண்ணாடிய ரொம்ப குளுர வெச்சுட்டீங்க, வெளியில இருக்குற ஈரம் வந்து ஒட்டுது. மழை விட்ட பிறகு நாவலப்பிட்டி, கம்பளை பக்கம் எறங்குறப்ப இது நடக்கும். அப்ப வைப்பர ஒரு தட்டு தட்டிட்டு குளிர்க்காத்த கண்ணாடியில இருந்து முகத்துப் பக்கம் மாத்துனா போதும்.

இப்ப என் மூணு தடவ கதைக்கு வர்றேன். அவிசாவளை சம்பவத்துக்கு பிறகு டவுன்ல ஒரு கராஜுக்கு போனேன். மெக்கானிக் பாஸ் பொனட்ட தொறந்து பாத்துட்டு "கேஸ் முடிஞ்சு"னு சொன்னாரு, அடிச்சாரு, குளுந்துச்சு. 3 மாசத்துல திரும்ப போச்சு. திரும்ப "கேஸ் முடிஞ்சு." அடிச்சாரு. மூணாவது தடவையும் அதே பேச்சு அதே பில். பெட்ரோல் மாதிரி கேஸ் முடியிற சாமான்னே நானும் நம்பிக்கிட்டு இருந்தேன். கடைசியா கண்டிக்கு ஹயர் போன எடத்துல வேற ஒரு தம்பி கிட்ட காட்டுனேன், அவன் கேஸோட ஒரு கலர் சாயத்த கலந்து விட்டுட்டு ஒரு கிழமை ஓடிட்டு வாங்கண்ணேனு அனுப்பிட்டான். திரும்பி போனப்ப மஞ்சக் கண்ணாடி ஒன்ன போட்டுக்கிட்டு ஊதா லைட் அடிச்சு காட்டுனான், கேஸ் அடிக்கிற வாயில பச்சையா மின்னுது. உள்ள இருக்குறது டயர் வால்வுக்குள்ள இருக்குமே அந்த மாதிரி ஒரு சின்ன ஊசி, அதோட ரப்பர் போயிருக்கு, மேல மூடியையும் முந்தின பாஸ் போட மறந்துட்டாரு. அந்த ஊசி வெல ஒரு பிளேன்டியும் ரெண்டு வடையும் சாப்பிடுற காசு.

ரப்பர் ஓரிங்க்கள், ஹோஸ்கள் வழியா வருஷக்கணக்குல கொஞ்சம் கசியிறது இயல்பு, அதுக்கு பல வருஷம் எடுக்கும். சில மாசத்துல குளிர் கொறஞ்சா லீக் இருக்கு, லீக்க புடிக்காம கேஸ் மட்டும் அடிக்கிறது ஓட்ட வாளியில தண்ணி அள்ளுற கத தான். பைப் ஜொய்ன்ட்ல, கண்டென்ஸர் மூலையில எண்ணெய் கசிஞ்சு தூசி ஒட்டி கறுப்பா இருந்தா அங்க தான் பாக்கணும், ஏன்னா கேஸோட கொம்ப்ரஸர் ஒயிலும் சேந்து சுத்துது, கேஸ் போற எடத்துல ஒயிலும் வரும்.

மலையில இருக்குற கராஜுகள்ல இன்னொரு பிரச்சினை இருக்கு, இத யாரும் சொல்ல மாட்டாங்க. நெறைய பேர் அழுத்த மீட்டர் முள்ள பாத்து கேஸ் அடிக்கிறாங்க. கொழும்புல 30 டிகிரியில பழகுன கணக்கு, ஏசி ஓடுறப்ப அழுத்தம் கொறஞ்ச சின்ன பக்கம் 30, 40, அழுத்தம் கூடின பெரிய பக்கம் 200 பிஎஸ்ஐ கிட்டனு. அதே கணக்க 16 டிகிரியில நுவரெலியாவுல வெச்சு முள்ளு அங்க வர்ற வரைக்கும் அடிச்சா கேஸ் கூடிப் போயிரும். மேல நல்லா இருக்குற மாதிரி இருக்கும், கீழ எறங்கி சூடு ஏறினதும் அழுத்தம் எகிறி கொம்ப்ரஸர் கட் ஆகும், குளிரும் கொறையும். நிப்பாட்டி வெச்ச கார்ல பாத்தாலும் ஒன்னும் வெளங்காது, 15 டிகிரியில 55 பிஎஸ்ஐ கிட்ட காட்டும், 30 டிகிரியில 95 கிட்ட காட்டும், உள்ள 200 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும் கிட்டத்தட்ட அதே தான். வீட்டு சமையல் கேஸ் சிலிண்டர நெனச்சு பாருங்க, முடியப் போற கடைசி நாள் வரைக்கும் அடுப்பு அதே மாதிரி எரியும், எவ்வளவு மிச்சம்னு தூக்கி பாத்தா தான் தெரியும். காருக்கும் தராசுல நிறுத்துத்தான் கேஸ் போடணும். பொனட்டுக்கு உள்ள ஒரு ஸ்டிக்கர் இருக்கும், கேஸ் வகையும் எத்தன கிராம்னும் போட்டிருக்கும், சின்ன கார்கள்ல 300ல இருந்து 500 கிராம் அளவு தான் வரும். பழசு முழுக்க மெசின்ல எடுத்துட்டு, வெக்கூம் பண்ணி, அதாவது உள்ள மிச்சம் இருக்குற காத்தையும் ஈரத்தையும் பம்ப் வெச்சு உறிஞ்சி எடுத்துட்டு, அந்த கிராம் கணக்குக்கு போடச் சொல்லுங்க.

வெக்கூம்னதும் ஞாபகம் வருது. கடற்கரை ஊர்ல வெக்கூம் மீட்டர் பாதரச இஞ்சு கணக்குல 29க்கு மேல எறங்கும். ஒசரம் போகப் போக வெளிக்காத்தழுத்தமே கொறவு, 1000 அடிக்கு 1 இஞ்சுனு வெச்சுக்குங்க. ஹட்டன்ல 25, 26 வந்தாலே அது முழு வெக்கூம், நுவரெலியாவுல 24 தாண்டுறதே கஷ்டம். இது தெரியாம பம்ப் சரியில்ல லீக் இருக்குனு நல்ல கூலிங் கொயில கழட்டி, டேஷ்போர்ட முழுசா எறக்கி வெச்ச எடமும் உண்டு. முள்ளு எங்க நிக்குதுங்கிறத விட பம்ப ஓஃப் பண்ணி அரை மணித்தியாலம் விட்டா அது அசையாம நிக்குதானு தான் பாக்கணும்.

சரி, வீட்டுலயே பாக்குறது எப்படி. குளிர் நாள்ல ஏசிக்கு வேலையே கம்மி, அதனால அதுக்கு வேல குடுக்கணும். மத்தியானம் வெயில் இருக்குறப்ப வெளிய நிப்பாட்டி, நாலு கதவையும் தொறந்து வெச்சு, ப்ளோவர முழுசா, டெம்பரேச்சர கடைசி குளிருக்கு வெச்சு, கொஞ்சம் எக்ஸலேட்டர் குடுத்து 10 நிமிஷம் ஓட விடுங்க. காத்து வர்ற ஓட்டைக்குள்ள சமையல் தெர்மோமீட்டர் ஒன்ன சொருகுங்க, காய்ச்சல் பாக்குறது சரிவராது அது 35க்கு கீழ காட்டாது, எங்க வீட்டுல அத வெச்சு பாத்துட்டு ஏசி செத்துப்போச்சுனு நான் சொன்ன நாளும் இருக்கு. நல்ல ஏசினா 5ல இருந்து 10 டிகிரிக்குள்ள வரணும். வெளிய 20 இருக்குறப்ப 15 வந்தா நமக்கு நல்ல குளிர் மாதிரி தான் தெரியும், ஆனா அது பழுது. பிறகு பொனட்ட தொறந்து, பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கை போகாம, ஏசியோட தடிச்ச பைப்ப தொடுங்க, ஜில்லுனு வேர்த்து இருக்கணும். மெல்லிசு பைப்ப சட்டுனு தட்டி மட்டும் பாருங்க, சுடும். ரெண்டும் ஒரே சூட்டுல இருந்தா கொம்ப்ரஸர் அமுக்கல, இல்லாட்டி கேஸ் இல்ல.

ஏசி பட்டன அமுத்துனா முன்னால டக்குனு ஒரு சத்தம் வரணும், அது கொம்ப்ரஸர பெல்ட்டோட சேக்குற மெக்னட் கிளச் ஒட்டுற சத்தம். வரலைனா முதல்ல ஃபியூஸ், ரிலேய பாருங்க, பக்கத்துல அதே சைஸ்ல ஹோர்ன் ரிலே இருந்தா மாத்தி போட்டு பாக்கலாம். அதுவும் இல்லைனா கேஸ் ரொம்ப கொறஞ்சு பிரஷர் சுவிட்ச் கட் பண்ணி வெச்சிருக்கும், அது கொம்ப்ரஸர காப்பாத்துறதுக்கு, அந்த சுவிட்ச்ச வயர் போட்டு ஷோர்ட் பண்ணி ஓட்டாதீங்க, கேஸ் இல்லாம ஓடுனா ஒயில் வராது, உள்ள தேஞ்சு தூள் தூளா போயி கண்டென்ஸர் வரைக்கும் அடைக்கும், அப்புறம் கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைகள்ல பாதி ஏசிய வாங்கணும். சில புது கார்கள்ல கிளச்சே இல்ல, சத்தம் வராது, அதுக்கு பைப் தொட்டு பாக்குறது தான் வழி. குளிர் ஊர்ல கிளச் அடிக்கடி ஒட்டி விட்டு ஒட்டி விட்டு போறதும் பழுது இல்ல, கூலிங் கொயில் ஐஸ் கட்டாம இருக்க அது தானா நிக்குது.

ஓடுறப்ப குளுந்து, நின்னா சூடா வந்தா ஃபேன் தான். நம்ம ஆளுங்களுக்கு இது ஏத்தத்துல தெரியும், கடுகண்ணாவையில லொறிக்கு பின்னால ஊர்ந்து போறப்ப காத்து சூடாகும், இஞ்சின் முள்ளும் சேந்து ஏறும். கீழ ஊர்ல ஏசி போட்டதும் ஃபேன் சுத்துதானு பாருங்க, மேல குளிர்ல சில கார் உடனே சுத்த விடாது. ஃபேன் சரினா கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல டோர்ச் அடிச்சு பாருங்க, சேறும் சவுக்கு எலையும் பூச்சியும் கம்பளி மாதிரி அடஞ்சு கெடக்கும். சாதாரண ஹோஸ் தண்ணியால கழுவுங்க, சேர்விஸ் ஸ்டேசன் பிரஷர் கன்ன கிட்ட வெச்சு அடிச்சா அந்த மெல்லிசு தகடெல்லாம் மடங்கி காத்தே போகாது. அப்புறம் 660 சிசி ஆல்ட்டோ, வேகன் ஆர்ல ஆள் ஏத்திக்கிட்டு செங்குத்தான தோட்டத்து ரோட்டுல ஏறுறப்ப ஏசிய ஓஃப் பண்றது வெக்கப்பட வேண்டிய விஷயம் இல்ல, மேல ஏறினதும் திரும்ப போடுங்க.

காத்தே கம்மியா வந்தா கேபின் ஃபில்டர். பெரும்பாலும் டேஷ்போர்ட் பெட்டிக்கு பின்னால, பெட்டிய ரெண்டு பக்கமும் அமுக்கி எறக்குனா தெரியும். நான் முதல் தடவ கழட்டுனப்ப ஃபில்டர்ல பாதிய காணல, பஞ்சு பஞ்சா பிச்சு, சீட்டு ஸ்பொஞ்சும் சேத்து எலி கூடு கட்டி வெச்சிருக்கு, நடுவுல யாரோ சாப்பிட்ட கடலைத் தோல் வேற. லயத்து ஓரமா, தேயிலைக்கு பக்கத்துல நிப்பாட்டுற காருக்கு இது சகஜம். அந்த காத்தத்தான் நாம மூச்சு விட்டுக்கிட்டு இருந்திருக்கோம்.

புளிச்ச நாத்தம் வந்தா ஈரமான கூலிங் கொயில்ல பூஞ்சணம். வாசன போத்தல தொங்க விடாதீங்க. வீட்டுக்கு வர 5 நிமிஷம் இருக்குறப்ப ஏசிய மட்டும் ஓஃப் பண்ணி ப்ளோவர ஓட விடுங்க, கொயில் காஞ்சுரும். இடது பக்கம் காலடி கார்ப்பட் நனஞ்சு இருந்தா தண்ணி வடியிற குழாய் அடஞ்சிருக்கு, அடியில அந்த ரப்பர் குழாய தேடி மெல்லிசு வயரால மெதுவா குத்தி விட்டா ஒரு கோப்பை தண்ணி கொட்டும், உங்க மூஞ்சியில கொட்டும், தள்ளி படுங்க.

பிரியஸ், அக்வா மாதிரி ஹைபிரிட் வெச்சிருக்கிறவங்க தயவு செஞ்சு தனியா கேளுங்க. அதுல கொம்ப்ரஸர் பெல்ட்ல இல்ல, கரண்ட்ல ஓடுது, ஒரேஞ்ச் வயர் ஆள கொல்லுற வோல்ட், கை வைக்கக் கூடாது. அதுக்கு போடுற ஒயிலும் வேற, கரண்ட் கடத்தாத ஒயில். சாதாரண காருக்கு போடுற பிஏஜி ஒயில் கொஞ்சம் கலந்தாலே கரண்ட் கசிஞ்சு எரர் வந்து நிக்கும், ஒயில் கலந்த டின் கேஸ வாங்கி தெரிஞ்ச தம்பி கிட்ட குடுத்து அடிக்கிற வேல இதுல வேணாம். எந்த காருக்கும் லீக் அடைக்கிற மருந்தும் வேணாம், அது லீக்கோட சேத்து வால்வையும் அடைக்கும், கராஜ் மெசினையும் கெடுக்கும். மலிவா இருக்குனு எரியிற கேஸ் கலந்தத அடிக்கிறவங்களும் இருக்காங்க, குளுரும் தான், ஆனா டேஷ்போர்டுக்குள்ள லீக் ஆனா நீங்க உக்காந்திருக்கிறது கேஸ் நெறஞ்ச பெட்டிக்குள்ள. பழைய கேஸ சும்மா காத்துல தொறந்து விடுறதும் வேணாம், கையில பட்டா தோல் வெந்த மாதிரி உரியும், அதோட 134ஏ கார்பன்டைஒக்சைட்ட விட ஆயிரம் மடங்குக்கு மேல பூமிய சூடாக்குற சாமான்.

பட்டன தொடாம மாசக்கணக்குல விட்டு வெச்சேன்னு சொன்னேன் இல்லயா, அது தான் நான் பண்ண முதல் பிழை. ஒயில் கேஸோட சுத்துனா தான் கொம்ப்ரஸர் சீல் ஈரமா இருக்கும், சுத்தாம கெடந்தா ரப்பர் காஞ்சு அங்கிருந்து கசியும். இப்ப கிழமைக்கு ஒரு தடவ, குளுருதோ மழையோ, ஹீட்டரோட சேத்து 10 நிமிஷம் ஏசி ஓடும். வீட்டுல "இந்த குளுருல ஏசி கேக்குதா"னு ஏச்சும் விழும்.